கம்ப்யூட்டர் கேட்ட ஈஎம்ஐ: ரேடியம் கடையில் விர்ச்சுவல்பாக்ஸும் ஒரு யுஎஸ்பி ஐசொலேட்டரும்

கிருஷ்ணகிரியில் ரேடியம் ஸ்டிக்கர் கடை வைத்திருக்கிறேன். சென்னையிலிருந்து வரும் ரோடும், சேலம் தருமபுரி வழியாக வரும் ரோடும் இந்த ஊரில் ஒன்று சேர்ந்துதான் ஓசூருக்குப் போகின்றன. அதனால் லாரிக்குப் பஞ்சமில்லை. 2019 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளுக்கு ஹை செக்யூரிட்டி நம்பர் பிளேட் ஷோரூமிலேயே மாட்டிக் கொடுத்துவிடுகிறார்கள். நம்பர் ஒட்டுகிற வேலை அதோடு பாதியாகப் போச்சு. மிச்சம் இருப்பது சாமி பேர், பிள்ளைகள் பேர், 'ஒலி எழுப்பவும்', அப்புறம் கடைப் பலகைகள்.

மூன்று பொருளைப் பற்றிச் சொல்கிறேன். ஒரு கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டரை ஓட்டும், காசில்லாமல் கிடைக்கும் விர்ச்சுவல்பாக்ஸ் சாஃப்ட்வேர், தனி அடாப்டர் வைத்த ஒரு யுஎஸ்பி ஹப், தீப்பெட்டி அளவுக்கு ஒரு யுஎஸ்பி ஐசொலேட்டர். இதில் ஒன்றுக்குக் கொடுத்த காசு தண்டம். எது என்று போகப்போகத் தெரியும்.

ஸ்டிக்கரை எழுத்து வடிவத்தில் பிளேடால் வெட்டும் மெஷின்தான் கட்டிங் பிளாட்டர். என்னுடையது 24 இன்ச், 2012ல் வாங்கியது. கூடவே ஒரு சிடியும், 'இதைச் செருகினால்தான் சாஃப்ட்வேர் திறக்கும்' என்று ஒரு டாங்கிளும் கொடுத்தார்கள். மெஷின் இன்றைக்கும் கல் மாதிரி ஓடுகிறது. யுஎஸ்பி இணைப்புக்காக அதற்குள் இருக்கும் சிஎச்340 சிப்புக்குப் புது விண்டோஸுக்கான டிரைவர்கூடக் கிடைக்கிறது. மாட்டிக்கொண்டது டாங்கிளில். அதன் டிரைவர் பழைய 32 பிட் விண்டோஸுக்கு மட்டும். 64 பிட் விண்டோஸ் அதை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும். வேறு சாஃப்ட்வேருக்கு மாறக்கூடாதா என்று கேட்பீர்கள். இத்தனை வருஷத்து டிசைன் முழுக்க அந்தச் சாஃப்ட்வேரின் சொந்த ஃபைலில் கிடக்கிறது. "போன தடவை போட்ட அதே எழுத்துல போடுண்ணா" என்று நாமக்கல் டிரைவர் வந்து நிற்கும்போது அவரிடம் ஃபைல் ஃபார்மட் பாடம் நடத்த முடியாது.

பழைய கம்ப்யூட்டர் போன தை மாதம் செத்தது. புதிதில் என் மகள் லினக்ஸ் போட்டுவிட்டாள். பர்கூர் அரசு பொறியியல் கல்லூரியில் படிக்கிறாள். கஸ்டமர் கொண்டுவரும் பென் டிரைவில் ஷார்ட்கட் வைரஸ் இல்லாத பென் டிரைவைக் கண்டால் நெற்றியில் ஒற்றிக்கொள்ள வேண்டும், அதற்குத்தான் லினக்ஸ். அதன் மேல் விர்ச்சுவல்பாக்ஸ், அதற்குள் 32 பிட் விண்டோஸ் 7. அந்த விண்டோஸுக்கு 2020 ஜனவரி 14ஆம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் சப்போர்ட்டை நிறுத்திவிட்டதால், உள்ளே இன்டர்நெட்டே போகாதபடி நெட்வொர்க்கை அணைத்து வைத்தாள்.

விர்ச்சுவல் மெஷின் என்றால் என்ன என்று என் மனைவி கேட்டாள். மாடியை வாடகைக்கு விடுகிற மாதிரி என்றேன். குடியிருப்பவருக்குத் தனி வாசல், தனி சமையல், தனி சப் மீட்டர். ஆனால் கரண்ட் வருவது நம்ம வீட்டு மெயின் வழியாகத்தான். இதைச் சொன்ன நானே அந்தக் கடைசி வரியை மறந்துவிட்டு மூன்று வாரம் அலைந்தேன்.

ஆரம்பச் சிக்கல்கள் சின்னவை. உள்ளே இருக்கும் விண்டோஸுக்கு யுஎஸ்பி எதுவுமே தெரியவில்லை; லினக்ஸில் என் பெயரை 'விபாக்ஸ் யூசர்ஸ்' குழுவில் சேர்த்து, லாக் அவுட் செய்து உள்ளே வந்ததும் தெரிந்தது. அடுத்து, பிளாட்டர் வந்து வந்து மறைந்தது. பார்வையில்லாதவர்கள் தொட்டுப் படிக்கும் பிரெய்ல் கருவிகளுக்காக லினக்ஸில் பிஆர்எல்டிடிஒய் என்று ஒரு புரோகிராம் இருக்கும். சில பிரெய்ல் கருவிகளிலும் இதே சிப், இதே 1ஏ86:7523 என்ற அடையாள எண். பிளாட்டரைச் செருகியதும் 'நம்ம ஆள் வந்தாச்சு' என்று அது முந்திக்கொண்டு பிடித்தது. அந்தப் புரோகிராம் தேவைப்படுபவர் எங்கள் கடையில் இல்லாததால் எடுத்துவிட்டோம். அப்புறம் அந்த எண்ணுக்கு விர்ச்சுவல்பாக்ஸில் ஒரு ஃபில்டர் போட்டோம். பிளாட்டரை ஆன் செய்தால் தானாகவே உள்ளே இருக்கும் விண்டோஸுக்குப் போய்விடும்.

நாலு நாள் நன்றாக ஓடியது. அப்புறம்தான் சனி பிடித்தது.

மாங்கனிக் கண்காட்சியில் ஸ்டால் போடும் ஒரு மாம்பழக்கூழ் கம்பெனிக்குப் பெரிய எழுத்தில் பலகை. பாதி வெட்டியிருக்கும்போது உள்ளே விண்டோஸில், யுஎஸ்பியைப் பிடுங்கினால் வருமே, அந்த 'டிடுங்' சத்தம். யாரும் எதையும் தொடவில்லை. பிளேடு இறங்கிய இடத்திலேயே நின்று ஸ்டிக்கரில் புள்ளி குத்தியது. சாஃப்ட்வேர் உறைந்துபோச்சு. மறுபடி ஆரம்பித்தேன், எட்டாவது நிமிஷம் அதே கதை. மூன்றாவது தடவை உள்ளே இருந்த விண்டோஸே நீலத் திரை காட்டிப் படுத்துவிட்டது. வெளியே லினக்ஸ் ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தது. பிளாட்டரில் 'விட்ட இடத்திலிருந்து' என்ற பேச்சே கிடையாது. நின்றால் அந்த ஷீட் முழுக்கக் குப்பை. மஞ்சள் ரேடியம் மீட்டர் கணக்கில் போனது.

யார் மேல் சந்தேகம் வரும்? புது மருமகள் வந்த வீட்டில் பால் பொங்கி வழிந்தால் மருமகள்தானே காரணம். எனக்கு விர்ச்சுவல் மெஷின்தான் குற்றவாளி. செட்டிங்கில் யுஎஸ்பி 1.1, 2.0, 3.0 என்று மூன்று இருக்கும். பெரிய நம்பர் நல்லது என்று 3.0 வைத்தேன், பிளாட்டர் சுத்தமாகக் காணாமல் போச்சு. விண்டோஸ் 7ல் 3.0 கன்ட்ரோலருக்குச் சொந்த டிரைவர் கிடையாது, தனியாகப் போட வேண்டும். மறுபடி 2.0. உண்மையில் என் பிளாட்டர் சிப்பின் வேகமே நொடிக்கு 12 மெகாபிட்தான், 1.1 காலத்து வேகம். ரேம் கூட்டினேன். அழித்துவிட்டு மறுபடி போட்டேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு முழம் ரேடியம் பலி.

இந்த நேரத்தில்தான் ஹப் வாங்கினேன். "யுஎஸ்பிக்குக் கரண்ட் பத்தலண்ணா, பவர்டு ஹப் போடுங்க" என்று தெரிந்த ஒரு பையன் சொன்னான். 7 போர்ட், ஒவ்வொன்றுக்கும் தனி சுவிட்ச், 12 வோல்ட் அடாப்டர், ஆயிரத்து அறுநூறு ரூபாய். பொருள் தரமானதுதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் என் பிளாட்டருக்குத் தனியாக 230 வோல்ட் பிளக் இருக்கிறது! யுஎஸ்பியிலிருந்து அது கரண்டே குடிப்பதில்லை, தகவல் மட்டும்தான். 2.0 போர்ட் ஒன்று 500 மில்லி ஆம்பியர் கொடுத்தால் என்ன, கொடுக்காவிட்டால் என்ன? யுஎஸ்பியிலேயே கரண்ட் எடுக்கும் வெளி ஹார்ட் டிஸ்க், கேமரா மாதிரி சாமான் விர்ச்சுவல் மெஷினுக்குள் அடிக்கடி விழுந்தால் இந்த ஹப் பிரயோஜனம். என்னைப் போன்றவர்களுக்குத் தண்டம். இப்போது கீபோர்டு, டாங்கிள், கடைப் பையன்களின் மூன்று போன் அதில்தான் தொங்குகின்றன.

ஞாயிற்றுக்கிழமை மகள் கடைக்கு வந்தாள். நான் புலம்பியதை எல்லாம் கேட்டுவிட்டு, "ஏன்ப்பா, உள்ள இருக்கிற விண்டோஸையே மூணு வாரமா முறைச்சுப் பாத்துட்டு இருக்கியே, வெளிய லினக்ஸ் என்ன சொல்லுதுன்னு ஒரு தடவையாவது பாத்தியா?" என்றாள். டி-மெசேஜ் என்று ஒரு கட்டளை. அதை ஓடவிட்டால் ஒரு கருப்பு ஜன்னலில், வன்பொருள் பற்றி லினக்ஸின் மையப் பகுதியான கர்னல் எழுதுகிற ஒவ்வொரு வரியும் நேரத்தோடு விழுந்துகொண்டே இருக்கும். அன்றைக்கு இருபது நிமிஷம் வெட்டினோம். ஒன்றும் விழவில்லை, பிளாட்டர் நிற்கவும் இல்லை. "உனக்குப் பயந்துடுச்சு கண்ணு" என்றேன்.

திங்கள் காலை பதினொரு மணிக்கு 'டிடுங்'. ஓடிப்போய்க் கருப்பு ஜன்னலைப் பார்த்தேன். யுஎஸ்பி போர்ட் 2, ஹப்பால் நிறுத்தப்பட்டது, மறுபடி திறக்கிறேன் என்கிற மாதிரி ஒரு வரி. நடுவில் அடைப்புக்குறிக்குள் மூன்று எழுத்து, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி: 'ஈஎம்ஐ?'

எனக்கு ஒரு நிமிஷம் தூக்கிவாரிப் போட்டது. பிளாட்டருக்கு வாங்கின கடனை 2014லேயே கட்டி முடித்து என்ஓசி வாங்கி பீரோவில் வைத்திருக்கிறேன். இப்போது கம்ப்யூட்டரும் ஈஎம்ஐ கேட்கிறதே! மகளுக்குப் போன் போட்டேன். சிரித்து முடிக்கவே ஐந்து நிமிஷம் ஆனது அவளுக்கு. எலக்ட்ரோமேக்னடிக் இன்டர்ஃபியரன்ஸ். மின்காந்த இரைச்சல். எழுதியவருக்கே உறுதியில்லாமல் கேள்விக்குறி போட்டது எனக்குப் பிடித்திருந்தது. வாட்ஸப்பில் எல்லாவற்றுக்கும் அடித்துச் சொல்கிறவர்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது புதுசு.

நடப்பது இதுதான். எங்கிருந்தோ இரைச்சல் கம்பியில் ஏறுகிறது. கம்ப்யூட்டருக்குள் இருக்கும் ஹப், போர்ட்டில் ஏதோ கோளாறு என்று அதை அணைத்துவிடுகிறது. லினக்ஸ் உடனே திறக்கிறது, பிளாட்டருக்கு ஒரு புது வரிசை எண் கொடுக்கிறது. விர்ச்சுவல்பாக்ஸின் ஃபில்டர் அதை மறுபடி பிடித்து உள்ளே தள்ளுகிறது. எல்லாம் ஓரிரு நொடிதான். ஆனால் மாடிக்குடியிருப்புக்கு அந்த இடைவெளி, யாரோ கேபிளைப் பிடுங்கிய மாதிரி. வெட்டிக்கொண்டிருக்கும் சாஃப்ட்வேர், பிளாட்டரோடு பேசும் வாசலான காம்3 போர்ட்டைத் திறந்து பிடித்திருக்கும்போதே போர்ட் காலடியில் மறைந்துவிடுகிறது. புது டிரைவராக இருந்தால் சமாளிக்கும். 2012 டிரைவருக்கு அந்த நிதானம் இல்லை. தானும் விழுந்து விண்டோஸையும் இழுத்துக்கொண்டு விழுகிறது.

ஞாயிறு விழாதது திங்கள் ஏன் விழுந்தது? எங்கள் கடையை ஒட்டி லாரி பாடி பட்டறை. ஞாயிறு லீவு. திங்கள் பதினொரு மணிக்கு வெல்டிங்.

பட்டறை அண்ணனிடம் போய், "அண்ணா, ஒரு பத்து தடவை சும்மா ஆர்க் அடிங்க" என்று கேட்டேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அடித்தார். பத்துக்கு ஆறு தடவை பிளாட்டர் விழுந்தது. அதோடு விடவில்லை. என் மச்சானிடம் நிஜ விண்டோஸ் 7 போட்ட பழைய லேப்டாப் ஒன்று இருக்கிறது, விர்ச்சுவல் சமாச்சாரம் எதுவும் இல்லாதது. பிளாட்டரை அதில் நேராகச் செருகி மறுபடி ஆர்க் அடிக்கச் சொன்னேன். அதிலும் விழுந்தது. மூன்று வாரம் வாயில் வந்ததெல்லாம் திட்டிய விர்ச்சுவல்பாக்ஸ் மேல் ஒரு தப்பும் இல்லை. இந்த லேப்டாப் சோதனையை முதல் நாளே செய்திருந்தால் ஆயிரத்து அறுநூறும் ஒன்பது மீட்டர் ரேடியமும் மிச்சம்.

எலக்ட்ரீஷியனை வரவழைத்தேன். வந்தவர் பிளாட்டரின் இரும்பு உடம்பில் புறங்கையை வைத்ததும் "சுர்ருங்குதே" என்று இழுத்துக்கொண்டார். எனக்கும் அது சுர்ரென்றுதான் இருக்கும். ரோலை இழுக்கும்போது கை மயிர் நிற்கும், ஸ்டிக்கர் ஷீட்டில் வரும் ஸ்டாட்டிக் என்று வருஷக்கணக்காக நினைத்திருந்தேன். அவர் மீட்டரை வைத்து நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் பார்த்தார். 38 வோல்ட். "ரெண்டு மூணுக்கு மேல இருக்கக் கூடாதுண்ணா. உங்க கடைக்கு எர்த்துன்னு ஒண்ணு பேருக்குத்தான் இருக்கு." பின்பக்கம் போய்ப் பார்த்தால், போன வருஷம் நான் பெருமையாகப் போட்ட சிமென்ட் தரைக்கு அடியில் எர்த் குழி புதைந்து கிடந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் இறங்க வழியில்லை.

எங்கள் ஊர் மண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். கிரானைட் விளைகிற பூமி. நாலடி தோண்டினால் பாறை டங்கென்று பதில் சொல்லும். பழைய இடத்தை உடைத்துப் பாறை வரைக்கும் போய், போதாமல் பக்கத்தில் இன்னொரு குழாயும் இறக்கி, இரண்டையும் இணைத்து, உப்பும் கரியும் அடுக்கடுக்காகப் போட்டு, மேலே ஒரு புனல் வைத்தோம். மீட்டர் 2 வோல்ட்டுக்கு இறங்கியது. சுர் நின்றது. வெல்டிங்குக்கு விழுவதும் குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. பத்துக்கு ஆறு, பத்துக்கு இரண்டானது.

யுஎஸ்பி கேபிளையும் மாற்றினேன். பழையது 5 மீட்டர், 2.0 யுஎஸ்பிக்கு அதுதான் எல்லை. போதாததற்கு மெயின் ஒயர் போகும் அதே கேசிங்கில் அதையும் சேர்த்து விட்டிருந்தேன். இப்போது ஒன்றரை மீட்டர், இரண்டு முனையிலும் இரைச்சலைக் குறைக்கும் ஃபெரைட் குமிழ் வைத்தது, கரண்ட் ஒயர் பக்கம் போகாமல் தனி வழி.

கடைசியாக ஐசொலேட்டர். ஆன்லைனில் ஆயிரத்துக்குள் வந்தது. பெட்டி கிடையாது, மொட்டைப் பலகையாக வரும். நடுவில் அனலாக் டிவைசஸ் நிறுவனத்தின் ஏடியுஎம்4160 சிப். சாதாரண யுஎஸ்பி கேபிளில் தகவல் கம்பியோடு கிரவுண்டு கம்பியும் போகிறது இல்லையா, பிளாட்டர் உடம்பும் கம்ப்யூட்டர் உடம்பும் அதன் வழியாக ஒட்டிக்கொள்கின்றன, இரைச்சலும் அதே வழியில் உலா வருகிறது. இந்தச் சிப்புக்குள் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன டிரான்ஸ்ஃபார்மர் சுருள்கள். தகவல் காந்தப் புலமாகத் தாண்டிப் போகும், கம்பிக்குக் கம்பி தொடர்பு கிடையாது. பந்தியில் எச்சில் படாமல் தள்ளி நின்று பரிமாறுகிற மாதிரி.

குறைகள் உண்டு. நொடிக்கு 12 மெகாபிட்டுக்கு மேல் போகாது, அதனால் பென் டிரைவ், ஸ்கேனர் இதில் போட்டால் ஆமை. அந்தப் பக்கம் கொடுக்கும் கரண்ட் ஒரு வாட்தான், அதாவது 200 மில்லி ஆம்பியர். யுஎஸ்பியிலேயே ஓடுகிற சாமானுக்கு ஆகாது. என் பலகையில் வேகத்துக்கு ஒரு குட்டி சுவிட்ச் இருந்தது. அது மௌஸ், கீபோர்டுக்கான லோ ஸ்பீடில் வைத்து வந்ததால் முதல் அரைமணி நேரம் பிளாட்டரே தெரியவில்லை; இதுவும் போச்சா என்று வயிற்றைக் கலக்கிவிட்டது. ஃபுல் ஸ்பீடுக்குத் தள்ளியதும் வந்தது. மொட்டைப் பலகையை அப்படியே விட முடியாமல் ஒரு பிளாஸ்டிக் சோப்பு டப்பாவில் ஓட்டை போட்டு உள்ளே வைத்தேன். மகள் அதன் மேல் மஞ்சள் ரேடியத்தில் 'ஈஎம்ஐ கட்டியாச்சு' என்று வெட்டி ஒட்டிவிட்டாள். கடைக்கு வருகிறவர்கள் எல்லாம் எந்த பேங்க் என்று கேட்கிறார்கள்.

அதை மாட்டியபின் பட்டறை அண்ணன் மறுபடி பத்து ஆர்க் அடித்தார். ஒன்றுகூட விழவில்லை. மாம்பழ சீசன் முழுக்க ஒரே ஒரு தடவைதான் நின்றது, அது கரண்ட் போனதால்.

இனி விர்ச்சுவல்பாக்ஸுக்கு என் மார்க். பத்துக்கு எட்டு. முதல் விஷயம், கடை வைத்திருப்பவர்கள் 7.0 அல்லது அதற்கு மேல் போடுங்கள். 2022 அக்டோபரில் வந்த அந்தப் பதிப்பிலிருந்து யுஎஸ்பி 2.0, 3.0 கன்ட்ரோலர்கள் அடிப்படைப் பொதியிலேயே வருகின்றன. அதற்கு முன்னால் எக்ஸ்டென்ஷன் பேக் என்று தனியாகப் போட வேண்டும், அது சொந்த உபயோகத்துக்கும் படிப்புக்கும்தான் இலவசம், வியாபாரத்துக்கு லைசென்ஸ் வாங்க வேண்டும். உள்ளே இருக்கும் விண்டோஸை நன்றாக ஓடும் நிலையில் அப்படியே சேமித்து வைக்கும் ஸ்னாப்ஷாட் வசதி பெரிய வரம். நீலத் திரை வந்த ஒவ்வொரு தடவையும் ஒரு நிமிஷத்தில் பழைய நிலைமைக்குத் திரும்பினேன். நிஜக் கம்ப்யூட்டராக இருந்தால் ஃபார்மட் பண்ணும் ஆளைத் தேடி அலைந்திருப்பேன். கஸ்டமர் பென் டிரைவை உள்ளே இருக்கும் விண்டோஸுக்கு நேராகக் கொடுக்காதீர்கள். லினக்ஸில் திறந்து, ஃபைலை மட்டும் ஷேர்டு ஃபோல்டர் வழியாக அனுப்புங்கள். வைரஸும் போகாது, யுஎஸ்பியில் ஒரு தலைவலியும் குறையும்.

இரண்டு மார்க் எதற்குக் குறைத்தேன் என்றால், யுஎஸ்பி விழுந்தால் அது உள்ளே இருப்பவருக்குச் சொல்லும் விதத்தில். விண்டோஸில் ஒரு 'டிடுங்', அவ்வளவுதான். காரணம் தேடி நாம் வெளியே போய் லினக்ஸின் கருப்பு ஜன்னலைத் திறக்க வேண்டும். மகள், "விர்ச்சுவல்பாக்ஸுக்குப் பதிலா லினக்ஸோட சொந்த கேவிஎம் போட்டு, யுஎஸ்பி கார்டு ஒண்ணு வாங்கி, கார்டையே முழுசா உள்ள கொடுத்துடலாம்ப்பா, நடுவுல ஆளே இருக்காது" என்கிறாள். சரிதான், வேகமாக இருக்கும். ஆனால் பக்கத்துப் பட்டறை வெல்டிங் அந்தக் கார்டையும் விடாதே என்றேன். யோசிக்கிறேன் என்றாள்.

இன்னும் தீராத ஒன்று இருக்கிறது. கரண்ட் போய் இன்வெர்ட்டர் பிடிக்கும் இடைவெளியில் கம்ப்யூட்டர் தாங்கிக்கொள்கிறது, பிளாட்டர் மட்டும் ஒரு தடவை அணைந்து வருகிறது. ஃபில்டர் அதைப் பிடித்து உள்ளே கொடுத்தும் விடும், ஆனால் சாஃப்ட்வேர் பழைய காம்3-ஐயே பிடித்துக்கொண்டு நிற்கும். மூடித் திறந்தால்தான் சரி. அதற்காக இப்போதெல்லாம் பெரிய பலகையை ஒரே ஷீட்டாக வெட்டுவதில்லை, எழுத்து எழுத்தாகப் பிரித்து அனுப்புகிறேன். போனால் ஒரு எழுத்தோடு போகட்டும். கடைப் பையனுக்கு ஒரு வேலை கூடியிருக்கிறது: செவ்வாய்க்கிழமை காலையில் வாசல் தெளித்த கையோடு பின்பக்கப் புனலில் இரண்டு குடம் தண்ணீர்.